தெருநாய்க் கருத்தடைக்கு மகஜர்: எப்படி எழுதுவது?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கட ஒழுங்கைத் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யச் சொல்லி மாநகர சபைக்கு மகஜர் (கூட்டு மனு) குடுக்கப் போறம். ஒன்லைன் கையெழுத்து போதுமா?

பதில் 1:
போதாது. முகவரி இல்லாத கையெழுத்தைச் சபை கணக்கில எடுக்காமல் விடலாம். கடதாசியில வாங்குங்கோ. கோரிக்கையை ஒவ்வொரு தாளின்ர தலைப்பிலயும் அச்சடியுங்கோ. முதல் தாளில மட்டும் இருந்தால் மிச்சம் வெறும் பெயர்ப்பட்டியல். பெயர், முகவரி, திகதி, கையெழுத்து காணும். அடையாள அட்டை இலக்கம் கேட்டால் பாதிச் சனம் பின்வாங்கும்.

பதில் 2:
கோரிக்கைதான் முக்கியம். "நாய்த் தொல்லையை நீக்குக" எண்டு எழுதினால், பிடிச்சு வேறெங்கயும் கொண்டுபோய் விட்டாலும் அது நிறைவேறினதுதான்! காலியான இடத்துக்குப் புது நாய் வரும். கருத்தடை, விசர்நாய்த் தடுப்பூசி, பிடிச்ச இடத்திலயே திரும்ப விடுறது எண்டு பிரிச்சு எழுதுங்கோ. சிங்களப் பிரதியும் சேருங்கோ.

பதில் 3:
கையளிக்கேக்க உங்கட பிரதியில திகதி முத்திரை வாங்குங்கோ. பதில் வராட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில, மகஜருக்கு என்ன நடந்தது எண்டு கேளுங்கோ. 14 வேலை நாளுக்குள்ள தீர்மானம் சொல்லவேணும். 1907ஆம் ஆண்டு மிருகவதைச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி இந்த மகஜருக்குள்ள எழுதாதேங்கோ. அது பாராளுமன்றத்துக்கு, எம்பி ஒருவர் மூலம் போகவேண்டிய வேற மனு.