தோட்டம் தாமான் ஆகிறது: நம் டவுன் தாங்குமா?

பெரட்டு மணி:
கோலசிலாங்கூர் பக்கம் இருப்பவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் டவுனை ஒட்டிய தோட்டத்தில் மெயின் ரோட்டுப் பக்கத்துச் செம்பனையை எல்லாம் சாய்த்துவிட்டார்கள். அங்கே தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, வரப்போகிறது. ஏற்கெனவே இரண்டு வந்துவிட்டன, இந்த மூன்றாவது அவை இரண்டையும் சேர்த்ததைவிடப் பெரியது என்று பேச்சு.

காலை ஆறே முக்காலுக்கு முச்சந்தியில் போய் நின்று பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒரு பக்கம், பள்ளி வேன் ஒரு பக்கம், நடுவில் லாத்தார் நெடுஞ்சாலை டோலைப் பிடிக்க ஓடுகிற கார்கள். ரோடு மட்டும் வெள்ளைக்காரத் துரை காலத்து ரோடு. அரசாங்கக் கிளினிக்கில் எட்டு மணிக்கு நம்பர் எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர முடிவதில்லை.

மூன்றாவது தாமானுக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது என்று மனு எழுதப் போகிறேன். யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

சாவி கையில்:
அண்ணே, நான் இரண்டாவது தாமானில் வீடு வாங்கியவன். உங்கள் கணக்குப்படி அந்த முச்சந்தி நெரிசலில் நானும் ஒருவன்.

எங்கள் அப்பா பால்மரம் சீவியவர். வேலை இருக்கிற வரைக்கும்தான் தோட்டத்துக் கம்பெனி கொடுக்கிற லயன் வீடு. ஓய்வு பெற்றதும் காலி செய்யச் சொன்னார்கள். கிடைத்த பணத்தோடு அம்மாவும் அவரும் சொந்தக்காரர் வீட்டின் பின்கட்டில் போய் இருந்தார்கள். இன்று என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. ஷா ஆலத்தில் வேலை பார்க்கிற எனக்கு அங்கேயே வீடு வாங்கக் கட்டுப்படியாகாது. 2010 கணக்கெடுப்பில் சிலாங்கூர் மக்கள் தொகை சுமார் 5.46 மில்லியன், 2020-இல் ஏறக்குறைய 7 மில்லியன். இத்தனை பேரும் எங்கே போய் இருப்பது? நாம் ஏறிக்கொண்டோம், இனி பஸ் கதவைச் சாத்து என்கிற மாதிரி இருக்கிறது உங்கள் மனு.

பெரட்டு மணி:
தம்பி, நீ வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் லயனில் இன்னும் மிச்சம் இருக்கிறவர்களைப் பற்றி நீ பேசவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. இரண்டரை லட்சம் வெள்ளி வீட்டுக்கு முழுக் கடன், 4 விழுக்காடு வட்டி, 35 வருஷம் என்று போட்டுப் பார். மாதம் 1,100 வெள்ளிக்கு மேல் வருகிறது. மிச்ச 600-இல் அரிசி வாங்குவதா, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் போடுவதா? ஐம்பது வயது குலை வெட்டுக்காரருக்கு எந்த பேங்க் 35 வருஷக் கடன் கொடுக்கும்? அவர் இடத்தில்தான் தாமான் வருகிறது. அதில் அவருக்கு ஒரு வாசல்படிகூடக் கிடையாது.

வரைபடக்காரி:
நான் நில அமைப்புத் திட்டங்கள் வரைகிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு முதலில் வந்து கிளினிக்கும் பள்ளியும் பின்னால் வருவதை வெறும் அலட்சியம் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் நிலம் மாநில அரசின் கையில். தோட்ட நிலத்தை வீட்டு நிலமாக மாற்றிக் கொடுப்பது மாநிலம், கட்ட அனுமதி கொடுப்பது நகராண்மைக் கழகம். பள்ளி, கிளினிக், போலீஸ் நிலையம், தீயணைப்பு நிலையம் எல்லாம் மத்திய அரசு. மேம்பாட்டாளர் வரைபடத்தில் பள்ளிக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்கினால் அவர் பங்கு பெரும்பாலும் முடிந்தது. கட்டடத்துக்குப் பணம் புத்ராஜெயாவிலிருந்து வர வேண்டும். அதுவரை அந்தத் துண்டில் லாலான் புல்தான் வளரும். முதல் தாமானில் பார்த்திருப்பீர்களே.

அண்ணன் மனுவைப் பற்றி. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தில் பொதுமக்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று நிறம் பூசிக் காட்டுகிற வட்டாரத் திட்டத்தின் வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போது குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபம் எழுதலாம், கேட்டுக்கொண்டால் விசாரணையில் நேரில் பேசலாம். அது ஒன்று. அந்த இடத்துக்கு வட்டாரத் திட்டமே இல்லையென்றால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் வரும், ஆட்சேபிக்க 21 நாள். உரிமையாளர்களுக்கு என்றுதான் சட்டம் சொல்கிறது. லயனில் இருப்பவர் முப்பது வருஷம் அங்கேயே இருந்தாலும் நில உரிமையாளர் அல்ல. அவருக்கு அந்த நோட்டீஸ் வராது.

ஆகவே முக்கியமானது அந்த நான்கு வாரம். வரைவில் செம்பனை நிலத்துக்கு வீட்டு நிறம் பூசி, அது அரசிதழிலும் ஏறிவிட்டால், பிறகு "தாமான் வேண்டாம்" என்று ஆயிரம் கையெழுத்து கொண்டுபோனாலும் நிற்காது. இத்தனை வீட்டுக்குச் சாவி கொடுப்பதற்கு முன் முச்சந்தியில் சிக்னலும் இரண்டாவது பாதையும் முடிந்திருக்க வேண்டும் என்று அனுமதியிலேயே நிபந்தனை கேளுங்கள். அதைக் கேட்டால் பேச இடம் உண்டு.

சாவி கையில்:
அக்கா சொல்வது காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் சாவி தள்ளிப் போகும். வாங்கினவன் ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் கட்டி முடிகிற வரைக்கும் பேங்க் வட்டி என்று இரண்டையும் கட்டிக்கொண்டு இருப்பான். நான் கட்டினேன். அந்த வலி மேம்பாட்டாளருக்கு வராது. அவர் ரோட்டுச் செலவையும் வீட்டு விலையில்தான் ஏற்றுவார்.

வரைபடக்காரி:
ஏற்றுவார், மறுக்கவில்லை. ரோடு போடாவிட்டாலும் அந்தச் செலவை யாரோ கொடுக்கத்தான் செய்கிறார்கள். நீங்கள் தினமும் முச்சந்தியில் எரிக்கிற பெட்ரோல் யார் காசு?

மூன்று பிள்ளை அம்மா:
எல்லாரும் தலையை எண்ணுகிறீர்கள். யார் வீட்டுத் தலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

டவுன் பெருத்துக்கொண்டே போகிறது, நம் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். நாடு முழுக்க 500-க்கும் மேல் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. எங்கும் இதே பேச்சுதான். நமக்குப் பிள்ளை பிறப்பது ஒரு பெண்ணுக்கு 2.1 என்ற கணக்குக்குக் கீழே இறங்கி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பிறக்கிற பிள்ளைகளும் தோட்டத்தில் இல்லை, தாமான்களில் சிதறிக் கிடக்கிறார்கள். வரைபடத்தில் "தொடக்கப்பள்ளி" என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அது நம் பள்ளிக்கு என்று யார் சொன்னது?

ஆனாலும் நான் அண்ணன் மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன். நம் பள்ளி இன்றைக்கும் கம்பெனி நிலத்தில்தான் நிற்கிறது. கழிவறை கட்டக்கூட கடிதத்தோடு அலைய வேண்டியிருக்கிறது. இந்தத் தாமான் வரும்போது பள்ளி பெயருக்கு நிலம் வாங்காவிட்டால் இனி எப்போது வாங்குவது? விற்கிற நேரத்தில்தான் கம்பெனி நம்மோடு பேசும்.

அப்புறம், தோட்டத்துச் சுடுகாடு. அதைப் பற்றி யாருக்காவது தெரியுமா?

வரைபடக்காரி:
நல்ல கேள்வி அக்கா. நில அலுவலகத்தில் போய்ப் பாருங்கள். சுடுகாட்டுக்கென்று அரசிதழில் ஒதுக்கியிருந்தால் தப்பிக்கும். ஒதுக்காவிட்டால் எத்தனை தலைமுறை அங்கே இருந்தாலும் காகிதத்தில் அது கம்பெனியின் விவசாய நிலம். கோயிலுக்கும் இதே கதைதான்.

பெரட்டு மணி:
என் மாமனாரை அங்கேதான் எரித்தோம். வரைபடத்தில் அது வெறும் செம்பனை என்றால் என்ன சொல்வது.

சட்டம், நான்கு வாரம், விசாரணை எல்லாம் சரி வரைபடக்காரி. யார் முன்னால் போய்ப் பேசுவது? ஊராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள், 1976 ஊராட்சிச் சட்டத்தோடு ஒரேயடியாக எடுத்தும்விட்டார்கள். கவுன்சிலர் மாநிலம் நியமிக்கிற ஆள். என் ஓட்டு அவருக்குத் தேவையில்லை. தேவைப்படாதவனிடம் நிபந்தனை பேசினால் தலையாட்டிவிட்டுப் போவான். "வேண்டாம்" என்று அடித்துப் பேசினால்தான் சட்டமன்ற உறுப்பினர் காதுக்காவது போகும். அவருக்கு ஓட்டு வேண்டும். பேரம் பேசுகிறவன் முதல் வாயிலேயே பாதி விலைக்கு இறங்குவானா?

சாவி கையில்:
அப்படியானால் உங்களுக்கே அது கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. சும்மா அதட்டல்.

பெரட்டு மணி:
முப்பது வருஷம் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றவன் தம்பி. அதட்டல் என்றால் என்னவென்று தெரியும்.

மூன்று பிள்ளை அம்மா:
மனுவில் பள்ளி நிலம், சுடுகாடு, லயனில் இருப்பவர்களுக்கு வீடு, முச்சந்தி இந்த நான்கையும் போடுங்கள். "அனுமதி வேண்டாம்" என்ற முதல் வரியை எடுத்தால் பெற்றோர் சங்கத்தில் நானே வாங்கித் தருகிறேன் கையெழுத்து.

பெரட்டு மணி:
நான்கையும் போடுகிறேன். முதல் வரி இருக்கும்.

சாவி கையில்:
அந்த வரி இருந்தால் நான் போட மாட்டேன் அண்ணே.

பெரட்டு மணி:
போடாதே. உன் வரிசையில் மற்ற வீடுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு வருகிறேன், உன் வீட்டு நாயை மட்டும் கட்டி வை.