மருந்து டாங்கி சுமந்தவர்கள், கன்டெய்னர் இறக்கியவர்கள் எழுதுங்கள்

இலங்கையில் ஆபத்தான இறக்குமதிப் பொருட்களைக் கையாளப் புதுச் சட்டம் வேண்டும் என்று பேசுகிறவர்கள் துறைமுகம், சுங்கம், அனுமதிப்பத்திரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சாமானைக் கடைசியில் கையில் எடுப்பது நம் ஆட்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

அப்பா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினாறு வருஷம் புல்லுக்கு மருந்தடித்தார். காலையில் ஸ்டோர் வாசலில் பீப்பாயில் கலந்து வைத்திருப்பார்கள். வாளியால் அள்ளி, முதுகில் சுமக்கும் டாங்கியில் ஊற்றிக்கொண்டு மலைக்குப் போகவேண்டியதுதான். மருந்து வந்த கேன் உள்ளே பூட்டிக் கிடக்கும். டாங்கி மூடி இறுகாது, இறக்கத்தில் குனிந்தால் முதுகில் வழியும். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டியிருந்ததை அம்மா வெந்நீர் விட்டு நனைத்து நனைத்து எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்தின் பெயரைக் கேட்டார். அப்பாவுக்குத் தெரிந்தது, "நீல மருந்துங்க ஐயா."

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இறக்குமதி, லேபிள், களஞ்சியம், விற்பனை, பாவனை எல்லாமே இருக்கிறது. சட்டத்தால் பயனில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1995இல் மெத்தமிடோபொஸ், மோனோகுரோட்டோபொஸ், 1998இல் எண்டோசல்பான், 2008இலிருந்து படிப்படியாகப் பெரகுவாட் என்று கொடிய மருந்துகளை நிறுத்தினார்கள். மருந்து குடித்துச் சாகிற சாவு எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் குறைந்ததைக் கண்ணால் பார்த்தோம். ஆனால் லேபிள் ஸ்டோர் கதவோடு நின்றுவிடுகிறது. வரப்போகும் சட்டம் டாங்கி வரைக்கும் வரவேண்டும்.

தலவாக்கலையிலிருந்து:

அண்ணே, நான் உயர்தரம் எழுதிவிட்டுக் கொழும்புப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் மூன்று வருஷம் சாமான் இறக்கினேன். ஒருநாள் வந்த பீப்பாய்களில் சாய்சதுர ஒட்டு. மேலிருந்து சொட்டு விழுகிறது, கீழே ஒரு கை. கை கழுவச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளே அமிலம். ஒரு மூடி கசிந்து, பஞ்சுக் கையுறை போட்டிருந்த கூட்டாளிக்கு மூன்று விரல் நுனியும் மஞ்சளாகி வெடித்தது. அவன் இன்றுவரை சட்டைப் பொத்தானை இடது கையால்தான் போடுகிறான்.

2021 மே மாதம் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கன்டெய்னர் கப்பல் எரிந்தபோது, அதில் 25 டன் நைட்ரிக் அமிலம், கொழும்புக்கு வருமுன்பே கசிவு தெரியும் என்று செய்தியில் சொன்னார்கள். எனக்கு அந்தக் கைப் படம்தான் கண்முன் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது, பட்டால் என்ன செய்வது என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிக்கொடுத்த பிறகுதான் கன்டெய்னர் கதவைத் திறக்கவேண்டும். இதைச் சட்டத்திலேயே எழுதட்டும்.

கந்தப்பளையிலிருந்து:

2015இல் கிளைபோசேட் என்ற புல் மருந்தைத் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் திரும்ப விட்டார்கள். இடையில் எங்கள் பக்கம் அது சோடாப் போத்தலில் களவாக வந்தது. பெயர் கிடையாது, லீக்ஸ் நடுமுன் புல்லைக் கருக்க மூடியால் அளந்து ஊற்றினார்கள். வெறும் போத்தலைப் பீலியில் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் பிடிக்க அதைத்தான் எடுத்தாள். பறித்து எறிந்தேன். தடைபோட்டால் களவாக வருவதை எப்படிப் பிடிப்பது, வெறும் போத்தலை யார் திரும்ப எடுப்பது, அதையும் சேர்க்கவேண்டும்.

மறுபடி நான்:

தலவாக்கலைத் தம்பி, அந்தக் கைப் படத்தைப் பெரிதாக வரைந்து, பக்கத்தில் அர்த்தத்தைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். எங்கள் தோட்டத்து ஸ்டோர் வாசலில் ஒட்டக் கேட்டிருக்கிறேன்.