சொந்த வளவு மரத்தை வெட்டவும் பெர்மிட்டோ? ரொறொன்ரோ ஆக்கள் சொல்லுங்கோ

வளவுக்காரன்:
ஸ்காபரோவில வீடு, பின்வளவில பெரிய நோர்வே மேப்பிள் ஒண்டு நிக்குது. இலை கொட்டிப் பீலி அடைக்குது, நிழலில கத்தரி மிளகாய் ஒண்டும் வருதில்லை. வெட்டுவம் எண்டால் சிட்டிப் பெர்மிட் வேணுமாம், மரங்களைப் பற்றிப் படிச்ச ஆர்பரிஸ்டின்ர ரிப்போர்ட் வேணுமாம், ஃபீஸ் வேறையாம். மோர்கேஜும் டாக்ஸும் கட்டுறது நான், மரம் மட்டும் சிட்டியின்ரையோ?

மேப்பிள் மாமி:
தம்பி, முதல்ல அளந்து பாத்தனீரோ? நிலத்திலயிருந்து 1.4 மீட்டர் உயரத்தில விட்டம் 30 சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் பெர்மிட். தையல் டேப்பைச் சுத்திப் பிடியும், 94 சென்டிமீட்டர் கிட்ட வந்தா மாட்டினீர். ரவீன் எண்ட பள்ளத்தாக்குப் பக்கத்து வீடெண்டா அது வேற பைலோ, வேற சிட்டிச் சட்டம், அங்க சின்னக் கண்டுக்கும் கேக்கோணும்.

வளவுக்காரன்:
150ஐத் தாண்டுது மாமி. மரம் வெட்டுற ஒராள் சொல்லுறார் லோங் வீக்கெண்டில வந்து மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தாறன், ஆர் பாக்கப் போறான் எண்டு.

கதியால்:
அண்ணை அவர் காசை வாங்கிக்கொண்டு போடுவார், அடிக்கட்டை உங்கட வளவிலதானே நிக்கும். ஒரு மரத்துக்குக் குறைஞ்சது 500 டொலர், கூடினா 1 லட்சம் டொலர் வரைக்கும் ஃபைன். அதுசரி, வேலியிலயிருந்து எவ்வளவு தூரம்?

வளவுக்காரன்:
தூரமோ, வேலிப் பலகையில அரைவட்டமா அரிஞ்சு மரத்துக்கு வழி விட்டிருக்கு, முந்தி இருந்தவையின்ர வேலை.

கதியால்:
போச்சு. தண்டு எல்லையில நிண்டா ஒன்ராறியோ ஃபொரெஸ்ட்ரி சட்டப்படி ரெண்டு வீட்டுக்கும் பொதுச்சொத்து, மற்றவரைக் கேக்காமல் வெட்டினா குற்றம். தண்டு எண்டா நிலமட்டத்தில மட்டுமில்லை, கிளை பிரியிற இடம் வரைக்கும் எண்டு 2013இல கோர்ட்டும் சொல்லிப்போட்டுது. ஊரில கதியாலை அரை அடி தள்ளிப் போட்டதுக்கு வருசக்கணக்கா வழக்காடின சனம் நாங்கள், இங்கயும் வேணுமோ?

சும்மா ஒருத்தன்:
எல்லாரும் சட்டம் கதைக்கிறியள், நோர்வே மேப்பிள் இந்த நாட்டு மரமே இல்லை, விதை பறந்துபோய் ரவீனுக்குள்ள முளைச்சு உள்ளூர் மரங்களை வரவிடாமல் செய்யுது. அதுக்குப் பாதுகாப்போ? பில்டர்மார் மாளிகை கட்டேக்க ஆள்வச்சு ரிப்போர்ட் எழுதி, பதில் மரத்துக்குக் காசையும் கட்டிப்போட்டு வெட்டுறாங்கள். அகப்படுறது கத்தரி நட நினைக்கிற எங்கட ஆக்கள்தான்.

மேப்பிள் மாமி:
பில்டர் விசயம் சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா இனம் பாத்து விட்டா ஒவ்வொருத்தரும் தன்ர மரம் கூடாத மரம் எண்டுதான் நிப்பினம். 2007இல கண்ட பச்சை வண்டு ஆஷ் மரங்களை முடிச்சுப்போட்டுது, 2013 மார்கழி ஐஸ் மழை இன்னும் கொஞ்சத்தை முறிச்சுது, சிட்டி 40 வீதம் மர நிழல் வேணுமெண்டு நிக்குது. செத்த மரம், இப்பவோ பேந்தோ எண்டு விழப்போற மரம் எண்டா படம் அனுப்பிக் காட்டினாப் பெர்மிட் தேவையில்லை. உம்மட மரம் நல்லாத்தானே நிக்குது? பீலிக்கு வலை போடும், கத்தரியைச் சட்டியில வச்சு முன்பக்கம் வையும்.

வளவுக்காரன்:
முன்பக்கம் வடக்கு மாமி, வெயிலே இல்லை. நான் அப்ளிக்கேஷன் போடத்தான் போறன், இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லட்டும்.

கதியால்:
போடுங்கோ, ஆனா முதல்ல பக்கத்து வீட்டுக்காரரின்ர சம்மதத்தை எழுத்தில வாங்குங்கோ.

வளவுக்காரன்:
அதுதான் பிரச்சினை. போன விண்டர் ஸ்னோ தள்ளின விசயத்தில அந்தாளோட வாய்ச்சண்டை, இண்டைவரைக்கும் முகம் குடுக்கிறேல்லை.