ஸ்டெம் செல் ஊசி: ஒரு வீடியோவை நம்பித் தோப்பை அடமானம் வைக்கலாமா?

லாஸ்பேட்டை அம்மா:
என் மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்டெம் செல் (உடலின் வேறு செல்களாக மாறக்கூடிய மூல செல்) ஊசி போட்டதும் ஒரு பையன் பேசினான் என்று மாமனார் ஒரு வீடியோ காட்டினார். பண்ருட்டியில் இருக்கும் பலாத் தோப்பை அடமானம் வைக்கலாம் என்கிறார். பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

மஞ்சக்குப்பம் அப்பா:
போட்டுவிடுங்கள் சகோதரி. ஒன்றரை வயதில் தடுப்பூசி போட்ட பிறகுதான் என் பையன் இருந்த நாலு சொல்லையும் இழந்தான். டாக்டரிடம் காட்டினால், "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டு வருடம் வீணாகப் போனது. எங்களுக்கு வழி காட்டியது மற்ற பெற்றோர்தான். பாலையும் கோதுமையையும் நிறுத்தினோம். எட்டே மாதத்தில் "அப்பா" என்றான். நான் கண்ணால் பார்த்ததற்கு ஆய்வு எதற்கு?

வில்லியனூர் சிறப்பாசிரியை:
சார், அந்த இரண்டு வருடத்துக்கு நீங்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் அந்த எட்டு மாதமும் பேச்சுப் பயிற்சிக்குப் போனானா? வயதும் எட்டு மாதம் கூடியதே. எதனால் பேசினான் என்று எப்படிப் பிரிப்பது? பால், கோதுமையை நிறுத்தியும் பேசாத மூன்று பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாரும் வீடியோ எடுக்கவில்லை.

தடுப்பூசிச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. தட்டம்மை ஊசியின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் வரும். ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படுவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில், தட்டம்மை சேர்ந்த தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரிட்டன் மருத்துவர் வேக்ஃபீல்டு எழுதிய கட்டுரையில் இருந்தது 12 குழந்தைகள். 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது; அதே ஆண்டு அவருடைய மருத்துவர் பதிவும் போனது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளின் விவரங்களைப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடவில்லை.

மஞ்சக்குப்பம் அப்பா:
வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனான், உண்மைதான். ஆனால் அந்தப் பொய்க் கட்டுரை 12 வருடம் லான்செட்டில்தானே இருந்தது? அப்புறம் ஆய்வை மட்டும் எப்படி நம்புவது?

வில்லியனூர் சிறப்பாசிரியை:
இருந்தது, அது பெரிய தவறு. ஆனால் பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர் அதைத் துருவினார். மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள், அந்த முடிவு வரவில்லை. ஒரு வீடியோவை யார் திரும்பச் செய்து பார்ப்பது?

லாஸ்பேட்டை அம்மா, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்கள் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். ஊசி போடுபவர்களிடம் கேளுங்கள்: எந்த ஆய்வு? எத்தனை பேருக்குப் போட்டீர்கள்? பலன் இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்?

கடலூர் துறைமுகம் 24:
நானே ஆட்டிசம் உள்ளவன். எட்டு வயது வரை அதிகம் பேசியதில்லை. பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். காதை மூடும் ஹெட்போன் கிடைத்த பிறகுதான் வெளியே போக முடிந்தது. உங்கள் மகனுக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள் அக்கா.

லாஸ்பேட்டை அம்மா:
போனில் கேட்டேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை, அட்வான்ஸ் எப்போது கட்டுவீர்கள் என்றார்கள். மாமனார் பக்கத்திலேயே இருந்து கேட்டார். திங்கட்கிழமை ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறோம், அவரும் வருகிறார்.

மஞ்சக்குப்பம் அப்பா:
ஊசி போடச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் சகோதரி. பால் விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை.