அப்பாவுக்கு எது சரிப்படும்? பராமரித்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. மூன்று மாதம் முன்பு ப்ராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து இருமினாலோ எழுந்தாலோ சிறுநீர் கசிகிறது. இடுப்புத் தசைப் பயிற்சி செய்கிறார். மெல்ல மெல்லத்தான் குறையும் என்கிறார் டாக்டர். அதுவரை என்ன போட்டுவிடுவது என்பதுதான் குழப்பம்.

முதலில் ஒட்டும் டயப்பர் வாங்கினோம். அது படுக்கையில் இருப்பவருக்குத்தான் வசதி. அப்பா நடமாடுகிறவர், ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது ஜட்டி மாதிரி போடும் பேன்ட் டயப்பர். பகலில் பரவாயில்லை. இரவில் ஒருக்களித்துப் படுப்பார், தொடையோரம் வழிந்து விரிப்பு நனைகிறது. அவசரத்துக்கு சானிட்டரி நாப்கின் வைத்துப் பார்த்தது தப்பு. சிறுநீர் வரும் வேகத்துக்கு அது உறிஞ்சவில்லை, தோல் சிவந்துவிட்டது. துடைத்து, உலரவிட்டு, ஜிங்க் ஆக்சைடு க்ரீம் தடவி வருகிறேன்.

நேற்று நனைந்த விரிப்பை நான் பார்ப்பதற்குள் தானே சுருட்டிக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். மனசு தாங்கவில்லை. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டார். சிறுநீர் அடர்ந்தால் சிறுநீர்ப்பை இன்னும் உறுத்தும் என்று சொன்னாலும் கேட்பதில்லை.

ஆண்களுக்கென்றே முன்பக்கம் குவிந்து வரும் பேட் பகலுக்குப் போதுமா? இரவுக்கு மட்டும் காண்டம் கதீட்டர் (ஆணுறை மாதிரி மாட்டி, குழாய் வழியாகச் சிறுநீரைப் பையில் சேர்ப்பது) போட்டவர்கள் உண்டா? சுற்றளவை அளந்துதான் வாங்கணும், இறுக்கினால் புண்ணாகும் என்று நர்ஸ் சொன்னார். அதனால் பயமாக இருக்கிறது. துவைத்துப் போடும் உள்ளாடை எவ்வளவு கசிவு தாங்கும்? இங்கே எழுதக் கூச்சமாக இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.