துணுக்காய்ப் பக்கக் கலவன் பாடசாலையில் துடுப்பாட்டம்: ஆண், பெண் பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சியா, வேறு வேறா?

குளக்கட்டு (கேள்வி)

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில், துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு சிறிய கலவன் பாடசாலையில் உடற்கல்வி கற்பிக்கிறேன். தரம் 6 முதல் 11 வரை வகுப்புகள் உள்ளன. எல்லேயும் (தடியால் பந்தை அடித்து ஓடும் நம் நாட்டு விளையாட்டு) வலைப்பந்தாட்டமும் ஓரளவு நன்றாக நடக்கின்றன. துடுப்பாட்டம் என்றால், பையன்கள் இடைவேளையில் ரெனிஸ் பந்தால் அடித்து ஓட்டுக்கு மேல் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பதுதான்.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் சிலர் கடினப்பந்துத் துடுப்பாட்டத்தைத் தொடங்கப் பணம் அனுப்ப முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது ஆண்கள் அணி மட்டுமே என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஆனால், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று காலைக் கூட்டத்தில் அறிவித்தபோது 26 ஆண் பிள்ளைகளுடன் 15 பெண் பிள்ளைகளும் பெயர் கொடுத்தார்கள். அந்தப் பதினைந்து பேரையும் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை.

பயிற்றுவிக்க இருப்பவன் நான் ஒருவன்தான். இருபாலாரையும் ஒன்றாகப் பயிற்றலாமா? தொடக்கத்திலேயே கடினப்பந்து கொடுக்கலாமா? கிடைக்கும் பணம் சீமெந்து ஆடுகளத்துக்கோ உபகரணங்களுக்கோ ஏதேனும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எதை முதலில் செய்வது? இதே வேலையைச் செய்து பார்த்தவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

சேர், வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் இதே வேலையை மூன்று ஆண்டுகள் செய்தேன். முதலாம் ஆண்டு 18 பெண் பிள்ளைகளுடன் தொடங்கி, ஆண்டு முடிவில் ஐந்து பேருடன் நின்றேன். காரணம் ஆர்வக் குறைவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சில காலம் அப்படித்தான் நம்பினேன். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வீடு சென்று கேட்டபோதுதான் விடயம் விளங்கியது.

பாடசாலை ஒன்றரைக்கு முடிந்தாலும் வெயில் தணிய மூன்று, மூன்றரை ஆகிவிடும். மட்டை பிடிக்கும் முறை முதலில் ஆண் பிள்ளைகளுக்கே போனது. யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை. அவர்கள் முந்திச் சென்று வரிசையில் நின்றார்கள், அவ்வளவுதான். பெண் பிள்ளைகளுக்கு முறை வரும்போது மணி ஐந்தே கால். காட்டுப் பாதையில் ஐந்து கிலோமீற்றர் சைக்கிள் மிதித்துப் போக வேண்டிய பிள்ளை, யானை இறங்கும் நேரத்துக்கு முன் வீடு சேர வேண்டுமே என்று, மட்டையைத் தொடாமலேயே புறப்பட்டுவிடும். இப்படி ஒரு மாதம் முழுக்கப் பந்து பொறுக்கிய பிள்ளை அடுத்த மாதம் வராமல் விட்டதில் என்ன வியப்பு?

இரண்டாம் ஆண்டில் முறையை மாற்றினேன். மூன்று மணிக்கு முதல் மட்டை பெண் பிள்ளைகளுக்கு. நாலரைக்கு அவர்கள் புறப்பட்டுவிடுவார்கள். ஆண் பிள்ளைகள் அதன் பிறகும் ஆடலாம். களத்தடுப்பும் உடற்பயிற்சியும் எல்லோருக்கும் பொது. பையன்கள் முதலில் முறுமுறுத்தார்கள், இரண்டு கிழமைக்குள் பழகிவிட்டார்கள். அந்த ஆண்டு 13 பேர் இறுதிவரை நின்றார்கள்.

பந்தைப் பற்றி ஒரு வார்த்தை; இதில் தவறு முழுவதும் என்னுடையது. ஒரே பெட்டியாக ஆண்களுக்கான கடினப்பந்துகளை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். ஆண்களுக்கான பந்து ஏறத்தாழ 156 முதல் 163 கிராம் வரை நிறை கொண்டது. பெண்களுக்கானது 140 முதல் 151 கிராம். பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கானது அதைவிடக் குறைவு, 133 முதல் 144 கிராம். அளவிலும் வேறுபாடு உண்டு. சிறிய கையில் பெரிய பந்து சரியாக உட்காராது. எங்கள் பிள்ளை ஒன்றுக்குப் பிடி எடுக்கும்போது விரல் வீங்கி, ஒரு கிழமை எழுத முடியாமல் போயிற்று. தாயார் வந்து என்னிடம் ஒரு சொல்லும் கடுமையாகப் பேசவில்லை. பிள்ளையை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

உங்கள் எல்லே வீராங்கனைகளை முதலில் பிடியுங்கள். ஓடுபவரைக் குறிபார்த்து எறிந்து பழகிய கை, வெறுங்கையால் பிடி எடுத்துப் பழகிய கை. களத்தடுப்பில் ஆண் பிள்ளைகளுக்கே அவர்கள் பாடம் எடுப்பார்கள். எல்லே அடி மட்டும் மறக்கப்பட வேண்டும். எல்லேயில் மூன்று வாய்ப்பு உண்டு, அதனால் பந்தைக் கண்டவுடன் குறுக்கே வீசுவார்கள். துடுப்பாட்டத்தில் நேரே வரும் பந்துக்கு அப்படி வீசினால் விக்கெட் போய்விடும். நேர்மட்டை பழக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

பழைய விக்கெட் காப்பாளன்

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். ரீச்சர் சொன்ன நேர ஒழுங்கை முழுமையாக ஏற்கிறேன், ஆனால் ஒன்றில் எனக்கு வேறு கருத்து உண்டு. பதின்மூன்று வயது வரை ஒரே பயிற்சி வலையில், ஒரே வரிசையில் ஆடட்டும். அந்த வயதில் பெண் பிள்ளைகள் பல சமயம் உயரத்திலும் முந்தி நிற்பார்கள். அதன் பிறகு, வேகமாக வீசும் பதினாறு வயதுப் பையனுக்கு முன்னால் புதிதாகத் தொடங்கும் பிள்ளையை, ஆணோ பெண்ணோ, கடினப்பந்துடன் நிறுத்துவது நியாயமில்லை. வயதைப் பார்த்துப் பிரிப்பதைவிட, வீச்சின் வேகத்தைப் பார்த்துப் பிரியுங்கள்.

ஆடுகளமா உபகரணமா என்ற கேள்விக்கு என் பதில் உபகரணம்; அதிலும் முதலில் தலைக்கவசம். முகக் கம்பியுள்ள தலைக்கவசம் இல்லாமல் யாரும் கடினப்பந்துக்கு மட்டை பிடிக்கக்கூடாது என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். சிறிய அளவில் இரண்டு, பெரிய அளவில் இரண்டு போதும். இடக்கைக்காரருக்கான கையுறை ஒரு சோடியாவது வாங்குங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான். முதல் தவணை முழுவதும் மென்பந்தால் (ரெனிஸ் பந்தால்) ஓட்டிவிட்டு, கால் அசைவு வந்த பிறகு கடினப்பந்துக்குப் போகலாம். இது பின்னடைவு அல்ல. இங்கே பெரும்பாலானோர் ஆடிப் பழகியது மென்பந்தில்தான்.

பிற்காலத்தில் சீமெந்து போடுவதானால் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். விக்கெட்டுக்கு விக்கெட் 22 யார், அதாவது 20.12 மீற்றர். அந்த அளவோடு சீமெந்தை நிறுத்தினால், பந்துவீச்சாளர் ஓடி வந்து மண்ணிலிருந்து சீமெந்துக்குக் கால் மாற்றும் இடத்தில் கணுக்கால் புரளும். இரு பக்கமும் நீட்டி, தரைமட்டத்தோடு சமமாகப் போட வேண்டும். அடுத்து, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு (இல்லங்களுக்கு இடையிலான ஓட்டப் பாய்ச்சல் போட்டி) சுண்ணாம்புக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். நூறு மீற்றர் ஓடுபாதைக்குக் குறுக்கே ஆடுகளம் போட்டுவிட்டு, தை மாதத்தில் அதிபரும் ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற பாடசாலையை நான் கண்டிருக்கிறேன்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, தை மாசியில் மெய்வல்லுநர் போட்டி. துடுப்பாட்டத்துக்கு மிஞ்சுவது பங்குனி முதல் புரட்டாதி வரைதான், அதிலும் விடுமுறைகள் போக. பழைய மாணவர்களுக்கு இந்தக் கணக்கை இப்போதே சொல்லிவைப்பது நல்லது; இல்லாவிட்டால் மார்கழியில் அழைத்து, அணி எங்கே என்று கேட்பார்கள்.

முருங்கன் வாசி

சீமெந்து பற்றிச் சுருக்கமாக. எங்கள் பக்கத்துக் கரும் களிமண் மழைக்கு ஊதும், கோடையில் கைவிட்டுப் பார்க்கும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நேரடியாகப் போட்ட சீமெந்து இரண்டு மாரி தாங்காது. உங்கள் மண் செம்மண்ணா களியா என்று ஒரு முழம் தோண்டிப் பார்த்துவிட்டு மேசனை அழையுங்கள்.

மைதானத்தைப் பெருப்பிப்பதற்காகப் பற்றைக் காட்டை வெட்டுவதானால், அந்த இடம் கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலம் என்பதை மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பந்து பற்றைக்குள் போனால் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

மூன்று பிள்ளைகளின் தாய்

என் மூத்த மகள் பாடசாலை அணியில் ஆடுகிறாள். நீளக் காற்சட்டை கொடுங்கள், சேர். முதலில் பாவாடைக்கு மேல் பாட் (கால்காப்பு) கட்டச் சொன்னார்கள். ஓடினால் பாவாடை வாருக்குள் சிக்கும், குனிந்தால் கூச்சம். காற்சட்டை வந்த பிறகு என் மகள் பந்தைப் பார்த்து ஆடுகிறாள்.

பெற்றோர் கூட்டத்தில் தாய்மாரை அழைத்துப் பேசுங்கள். 2024 யூலை 28 அன்று தம்புள்ளையில் எங்கள் இலங்கைப் பெண்கள் அணி இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று ஆசியக் கிண்ணம் எடுத்த ஆட்டத்தை நாங்கள் அயலவர் வீட்டில் இருந்து பார்த்தோம். அணித்தலைவி சமரி அத்தபத்து 61 ஓட்டம் அடித்தார். அதுவரை மகளின் விளையாட்டுக்கு மறுப்புச் சொன்ன என் மாமியார்தான் அன்றைக்குக் கடைசிவரை எழும்பாமல் இருந்தவர்.

குளக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை அதிபரைச் சந்தித்தேன். ஒரே பயிற்சி, இரண்டு வலை, முதல் மட்டை பெண் பிள்ளைகளுக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சீமெந்தைத் தள்ளிவைத்து, தலைக்கவசமும் காற்சட்டையும் மூன்று நிறைகளில் பந்தும் கேட்டுப் பழைய மாணவர்களுக்கு மடல் அனுப்பியாயிற்று. “காற்சட்டை எதற்கு?” என்று ஒருவர் மட்டும் திருப்பிக் கேட்டார். அக்கா எழுதியதை அப்படியே அனுப்பிவைத்தேன். எத்தனை சோடி என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது.

முருங்கன் ஐயா, ஒரு முழம் தோண்டினேன். மேலே செம்மண், அரை முழத்துக்குக் கீழே களி. இதற்கு என்ன செய்வது?