புதுப்பிப்பு: இலக்குத் தகடு மாட்டியாச்சு

காரைக்குடிப் பக்கம் எங்கள் ரைபிள் கிளப்பில், சுட்டுப் பழக இலக்காக 200 மீட்டரில் தொங்கவிட எந்த இரும்புத் தகடு தாங்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

10 மி.மீ. ஹார்டாக்ஸ் 500 என்கிற கடினமான எஃகுத் தகடு வாங்கினோம், டிப்பர் லாரிக்குப் போடுகிற தகடுதான். சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், மென்மையான இரும்பு) தகடு வேண்டவே வேண்டாம். குண்டு பட்ட இடம் குழியாகி, அடுத்த குண்டின் சிதறல் சுடுபவர் பக்கமே திரும்பிவிடும். கேஸ் கட்டிங், வெல்டிங்கும் கூடாது. சூட்டில் தகட்டின் கடினம் போய்விடும். அதனால் ஓட்டையோடு சேர்த்து வாட்டர்ஜெட்டில், அதாவது அதிவேகமாகப் பாய்ச்சும் தண்ணீரால், வெட்டி வாங்கினோம்.

பதிலில் சிலர் பழைய ஊஞ்சல் சங்கிலியில் மாட்டச் சொன்னீர்கள். அழகுதான், ஆனால் குண்டு பட்டால் கண்ணி தெறிக்கும். அதனால் பழைய கன்வேயர் பெல்ட் (ஆலைகளில் சரக்கு நகர்த்தும் ரப்பர் பட்டை) துண்டில், மேல் விளிம்பு நம் பக்கம் சற்றுச் சாயும்படி தொங்கவிட்டோம். சிதறல் கீழே செம்மண்ணில் இறங்குகிறது.

அப்புறம், ஸ்டீல் கோர் தோட்டாவை (குண்டின் உள்ளே எஃகு இருப்பது) மட்டும் இதில் சுடாதீர்கள்.